திருமண் தின்ற குழந்தை

மூளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் பாதித் தாய்மார்கள் உங்கள் அறைக்குள் வருவார்கள். புதிதாக உணவு ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோதும் அதைத்தான் முதலில் சொன்னீர்கள். "எல்லாரும் போன்ல பார்த்துட்டு லிஸ்ட்டோட வர்றாங்க மேடம், நாங்க சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல" என்று உங்களில் ஒரு பெண் சலித்துக்கொண்டாள். பாதாம், வால்நட், வல்லாரை, மீன், முட்டை என்று எல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பிறகு நம் வேலை என்ன என்பது அவள் கேள்வி. அன்று காபியைக் கொடுத்து, பேச்சை மாற்றி, உங்களை அனுப்பிவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதினால் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சி புத்தூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் இருபத்தேழு வருஷம் உணவு ஆலோசகராக இருந்தேன். அங்கே எனக்கு 'டயட் மேடம்' என்று பெயர். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கிற கட்டை, ஒரு மேசை. எடையைப் பார்ப்பேன், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பேன், நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டான் என்று கேட்பேன். பிறகு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்வேன். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று நினைப்பீர்கள். நானும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற ஒரு பெண். பிள்ளைக்குப் படிப்பு ஏற வேண்டும் என்று, தான் ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பாதாம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அதைத் தூக்கி ஓரமா வைங்க. ஒரு கை வேர்க்கடலை, முருங்கைக்கீரை, முட்டை. முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று அதட்டினேன். ஆறு மாதத்தில் பிள்ளை தேறினான். அவள் மார்க்கெட் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிவைத்தாள். கைராசிக்கார மேடம் என்று தேடி வர ஆரம்பித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போனது. ஏழைப்பட்டவள் வந்தால் அதட்டலாம், கேள்வி கேட்கலாம், சமையல் பாத்திரத்துக்குள்ளேயே தலையை விட்டுப் பார்க்கலாம் என்ற தைரியமும் வந்தது. அந்த தைரியம் எல்லாரிடமும் வரவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வைதேகி வந்தது அதற்குப் பிறகுதான். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி இருக்கிற வீதி ஒன்றில் வீடு. கணவருடையது கோயில் கோஷ்டியில் நின்று ஆழ்வார் பாசுரங்களைச் சேவிக்கிற, அதாவது கூட்டாக ஓதுகிற குடும்பம். அவருடைய அப்பா, தாத்தா எல்லாருக்கும் அதுதான் வேலை, அதுதான் பெருமை. புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது அவர்களுக்கு இழுக்கு. ஆயிரக்கணக்கான அடிகள் நெஞ்சில் இருக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வைதேகிக்கு முகுந்தன் பிறந்திருந்தான். பத்து மாதக் குழந்தையாக என்னிடம் தூக்கி வந்தாள். வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, மேசைமேல் உட்கார வைத்தால் ஊரே நின்று பார்க்கும்.

"பால்னா உசிர் மேடம். சாத்தமுது சாதம் குழையப் பிசைஞ்சு வெச்சா துப்பிடறான். கீரை மசியல் வெச்சா வாயையே தொறக்க மாட்டேங்கறான்" என்றாள். ரசத்தை அவர்கள் சாத்தமுது என்பார்கள்.

"குடிக்கட்டுங்க. பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

எடை கோட்டுக்கு மேலேயே இருந்தது. வெளியே காத்திருந்த மற்றத் தாய்மார்களைக் கூப்பிட்டு, "இந்தம்மா எப்படி வளர்த்திருக்காங்க பாருங்க" என்றேன். வைதேகிக்கு வெட்கம் தாங்கவில்லை. அவள் கொண்டுவந்த நோட்டில் தேதி போட்டு 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் அட்டையிலும் அதையே எழுதினேன்.

மாதங்கள் போகப் போக அரை லிட்டர் பால் ஒரு லிட்டர் ஆனது. சாதம் இரண்டு ஸ்பூனோடு நின்றது. பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம் என்பது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். பால் வயிற்றை நிரப்பி மற்றதைச் சாப்பிட விடாது என்பதும், இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் மட்டுமல்ல, மூளையும் சரியாக வளராது என்பதும், அதுவும் முதல் இரண்டு வருஷம்தான் முக்கியம் என்பதும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் முட்டை கிடையாது, மீன் கிடையாது. இருக்கிற ஒரே தெம்பு பால்தான், அதிலும் கை வைப்பானேன் என்று நினைத்தேன். திருவெறும்பூரில் ஃபேக்டரித் தொழிலாளி வீட்டில் பிறந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தெரு முழுக்க மீன் குழம்பு மணக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் இவர்களுடைய சமையலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு கூச்சம். உளுந்தும் பயறும் எள்ளும் கேழ்வரகும் கீரையும் எந்த வீட்டுக்கும் பொது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அவன் துப்புகிறான் என்று அவள் சொன்னபோது, எப்படித் துப்பாமல் கொடுக்கலாம் என்று யோசித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முகுந்தனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒருநாள் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். எடை பார்த்து முடித்து எழுந்தபோது வைதேகி தயங்கி நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். இவர் கார்த்தால திருமண் இட்டுக்கப் பெட்டியைத் தொறந்தா போதும், இவன் ஓடிப்போய் திருமண் கட்டியை எடுத்துக் கடிக்கறான். நேத்திக்குப் பாதிக் கட்டியைத் தின்னுட்டான். உடம்புக்கு ஏதாவது பண்ணுமா?"

நெற்றியில் நாமம் இட்டுக்கொள்கிற வெள்ளை மண் அது. கட்டியாக வரும், நீர் விட்டு உள்ளங்கையில் குழைத்து இட்டுக்கொள்வார்கள். அவள் முகத்தில் கவலை இருந்தது. கணவர் முகத்தில் சிரிப்பு.

"பூர்வ ஜென்ம வாசனை மேடம். இப்பவே பெருமாள் சொத்தை விட மாட்டேங்கறான்" என்றார் அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். "பெரிய பக்தரா வருவாருங்க" என்றேன். கைக்கு எட்டாமல் பெட்டியை உயரத்தில் வைக்கச் சொன்னேன். நோட்டில் 'நன்று' எழுதினேன்.

இதே அறையில் சுவரைச் சுரண்டித் தின்ற குழந்தையைப் பார்த்திருக்கிறேன். சிலேட்டுக் குச்சி தின்ற குழந்தை, அடுப்புச் சாம்பல் தின்ற குழந்தை, ஊற வைக்காத பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்ற குழந்தை. அத்தனை பேரையும் அடுத்த நிமிஷம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். மண் தின்கிற குழந்தைக்கு ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கக் கூடும் என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. வெங்காய மண்டிப் பெண் வந்து பிள்ளை மண் தின்கிறான் என்றால் எனக்கு அது நோய். ஸ்ரீரங்கத்துத் தம்பதி வந்து திருமண் தின்கிறான் என்றால் அது பக்தி. மண் ஒன்றுதான், என் பார்வைதான் வேறு. அது அவர்கள் வீட்டுச் சாமி விஷயம், அதில் மூக்கை நுழைக்க நான் யார் என்று ஒதுங்கிவிட்டேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அன்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் போதும்.

ஒரு வருஷம் கழித்து, நான் அறையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், புதிதாகச் சேர்ந்திருந்த பெண் டாக்டர் உள்ளே வந்தாள். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கையில் முகுந்தனின் அட்டை இருந்தது.

"மேடம், இந்தக் குழந்தைய நீங்க பார்த்துட்டு இருக்கீங்களா?"

"ஆமா. நல்ல குழந்தை. ஏன்?"

"காய்ச்சல்னு வந்திருக்கு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். பேப்பர் மாதிரி வெளுத்திருக்கு மேடம்."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரிசையாக என் கையெழுத்தில் நன்று, நன்று, நன்று. உங்கள் வயதுதான் அவளுக்கும். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வார்டில் வைதேகி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் நல்ல வெளுப்பு, நல்ல வெளுப்புன்னு சொல்லிச் சொல்லி, நான் தெனம் திருஷ்டி கழிச்சிண்டிருந்தேன் மேடம்" என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். தவறு என்னுடையது என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இரும்புச்சத்து மருந்து கொடுத்தோம். பாலை ஒரு டம்ளருக்குக் குறைத்தோம். பசி வந்ததும் அவனே சாதத்தைக் கேட்டான். பயறு, கீரை, கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை என்று வைதேகி ஒன்று விடாமல் செய்தாள். நான்கைந்து மாதத்தில் உதட்டில் சிவப்பு ஏறியது. திருமண் பக்கம் போவதே நின்றது. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன். குழந்தை தப்பித்தான் என்றுகூட இல்லை, நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு தடுப்பூசிக்கு வந்துபோனதோடு சரி. முகுந்தனுக்கு ஏழு வயதானபோது வைதேகி மறுபடி என் அறை வாசலில் நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பையன் உயரமாக, சாதுவாக, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். எடை மெஷினில் ஏறலாமா என்று கேட்டான். ஏறச் சொன்னேன். இறங்கினான். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்து, ஏறலாமா என்று கேட்டான்.

வைதேகி ஒரு காகிதத்தை மேசையில் விரித்தாள். போனிலிருந்து பார்த்து எழுதியது. பாதாம் ஊற வைத்தது, வால்நட், பூசணி விதை, வல்லாரைத் துவையல், நெய்.

"இதெல்லாம் குடுத்துண்டிருக்கேன் மேடம். இன்னும் என்ன குடுக்கணும்? நீங்க சொன்னா சரியா இருக்கும்னு வந்தேன்."

"எதுக்குங்க இப்படித் திணிக்கிறீங்க? என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். ஐந்து வயதில் அப்பா அவனைச் சந்தைக்கு உட்கார வைத்திருக்கிறார். சந்தை என்பது அவர்கள் பாசுரம் கற்றுக்கொள்கிற முறை. சொல்லித் தருகிறவர் ஓர் அடியைச் சொல்வார், பிள்ளைகள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். காதால் கேட்டு, வாயால் சொல்லி, நெஞ்சில் ஏற்றுவது. முகுந்தன் அழகாகத் திருப்பிச் சொல்வான். குரலும் நல்ல குரல். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் ஓர் எழுத்து இருக்காது. இரண்டு வருஷமாக அப்பா விடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும்.

"மச்சினர் பிள்ளைக்கு அஞ்சு வயசுதான் மேடம். அவன் அப்படியே ஒப்பிக்கறான். போன மாசத்திலேருந்து இவர் இவனைக் கூப்பிடறதே இல்ல. அவனை மட்டும் உக்கார வெச்சுண்டு சொல்லித் தரார். இவன் கூடத்துக் கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு, தானே ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கறான். எனக்குக் கேக்க முடியல."

முகுந்தன் உயரம் அளக்கிற கட்டையை ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

"வெறும் பாலைக் குடுத்துப் புள்ளையைப் பாழ் பண்ணிட்டேன்னு இவர் சொல்றார். மூளை வளர வேண்டிய வயசுல நான் ஒண்ணும் குடுக்கலையாம். தெனமும் அதேதான். ஏன் மேடம், நான் உங்களைக் கேட்டுத்தானே குடுத்தேன்? குடிக்கட்டும்னு நீங்க சொன்னேளோல்லியோ? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. நான்தான் சரியாக் கேட்டுக்கலையோ?"

என்னைக் குற்றம் சாட்டுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. உண்மையாகவே ஞாபகத்தைச் சரிபார்த்துக்கொள்ள என்னிடம் கேட்கிறாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அன்று நான் உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் நான் தவறவில்லை. "நான்தாங்க சொன்னேன். திருமண் தின்னதையும் நீங்க எங்கிட்ட சொன்னீங்க, நான் சிரிச்சேன். அன்னிக்கே ரத்தம் பார்த்திருக்கணும். பார்க்கல. அதனாலதான் இப்படின்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்த வயசுல சத்து குறைஞ்சா இப்படி ஆகலாம். இப்ப எந்தப் பருப்பைக் கொடுத்தாலும் அது திரும்பி வந்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மெதுவா, வேற விதமாச் சொல்லிக் கொடுக்கணும். அதுக்கு ஆள் இருக்காங்க, நான் அனுப்பறேன். ஆனா இது உங்க தப்பில்லைங்க."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "இதை எழுதிக் குடுப்பேளா மேடம்? நான் சொன்னா ஆத்துல நம்ப மாட்டா" என்றாள்.

மருத்துவமனை முத்திரையோடு எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு வந்ததற்குத் தாயின் கவனக்குறைவு காரணமல்ல, பால் கொடுக்கச் சொன்னது நான், மண் தின்பதைத் தாய் என்னிடம் தெரிவித்தும் நான் பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்று நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்று பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில் பெரிய டாக்டர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனையை நடத்துகிறவர் அவர். போனபோது வைதேகியின் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். மேசைமேல் என் வெள்ளைத் தாள். அதன் பக்கத்தில் முகுந்தனின் பழைய அட்டை, மூடியபடி.

கணவர் எழுந்து கைகூப்பினார். "நான் சண்டைக்கு வரலை மேடம். கேஸ் கீஸ்னு எதுக்கும் போறவனும் இல்ல. இது நிஜமான்னு உங்க வாயால தெரிஞ்சுண்டா போதும். நிஜம்னா, இத்தனை நாளா நான் அவளைப் பேசினது மகா பாவம். ஆத்துக்குப் போய் அவள் கால்ல விழணும்."

உண்மையாகத்தான் சொன்னார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

பெரிய டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். வீட்டுப் பெரியவர் போல மிருதுவாகத்தான் பேசினார். "மேடம், அந்தம்மா உங்க முன்னாடி அழுதிருப்பாங்க. உங்களுக்கு மனசு கேட்டிருக்காது. ஏதோ ஒரு ஆறுதலுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்க. அவ்வளவுதானே?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மிரட்டினால் நான் எதிர்த்து நின்றிருப்பேனோ என்னவோ. வேலையை விட்டுத் துரத்துவேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே போய்விடும்மா என்று அன்பாகக் கை காட்டினார். என் பேர், என் கைராசி, வெளியே பெஞ்சில் காத்திருக்கிற தாய்மார்கள், அட்டைக்குள் இருக்கிற அத்தனை 'நன்று' எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் கண்முன் வந்து நின்றன. வைதேகி மட்டும் வரவில்லை. அவள் அந்த அறையில் இல்லை, அதுதான் எனக்கு வசதியாகப் போனது.

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வாய் எதற்கு, ஒரு தலையாட்டல் போதும்.

கணவர் அந்தத் தாளை மடித்தார். பையில் வைத்துக்கொள்ளாமல் மேசைமேலேயே வைத்தார். "நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அவளுக்கு யார் மேலயாவது பழியைப் போடணும். உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்காலம் வைதேகி போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாள் மூன்று முறை செய்தாள். அதற்கடுத்த நாள் ஒருமுறை. பிறகு செய்யவில்லை. முகுந்தனை அனுப்பி வைக்கிறேன் என்று சொன்ன இடத்துக்கு அனுப்பவும் இல்லை. அதன் பிறகு நான்கு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். சரியான பதில்களைத்தான் சொன்னேன். மண் என்று ஒரு தாய் வாயெடுத்தால் யார் வீடு, என்ன சாமி என்று பார்க்காமல் ரத்தம் எடுக்க அனுப்பினேன். அதில் எத்தனையோ குழந்தைகள் தப்பித்திருப்பார்கள். ஒரு குழந்தையின் கணக்கில் இன்னொரு குழந்தையை வைத்து நேர் செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் போனேன். இந்தச் சித்திரையில், காலை பத்து மணி வெயிலில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வைதேகிதான் கதவைத் திறந்தாள். முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறவே இல்லை.

"வாங்கோ மேடம். ஒக்காருங்கோ. குடிக்கத் தீர்த்தம் கொண்டு வரட்டுமா?"

நான் உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும். அன்னிக்கு நான் எழுதினது அத்தனையும் உண்மைன்னு அவர்கிட்ட என் வாயால சொல்லணும். அதுக்காகத்தான் வந்தேன்."

"கோயிலுக்குப் போயிருக்கார். வந்தாலும் வேண்டாம் மேடம்" என்றாள். ஆள் நடமாட்டம் கேட்ட சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆமாம், என் தப்புதான்னு நான் ஒத்துண்டுட்டேன். ஒத்துண்டப்பறம்தான் ஆத்துல சண்டை நின்னுது. முகுந்தனும் நிம்மதியா இருக்கான். எனக்கும் இப்போ அப்படித்தான் தோண்றது. பெத்தவளுக்குத் தெரியாதா, பெத்தவதானே பார்த்துண்டிருக்கணும்?"

"இல்லைங்க. உங்க தப்பில்லைங்க" என்றேன்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னேள்" என்றாள் வைதேகி.